எல்ஃப்ரிடாவின் கோப்பை

லண்டனில் அச்சுப்படக் கடை வைத்திருக்கிறேன். இங்கிலாந்தை ஆண்ட பழைய சாக்ஸன் ராஜாக்கள் செத்த கதைகளைத்தான் சனம் அடித்துப்பிடித்து வாங்குகிறது. அவர்கள் ஒழுங்காக ஆண்ட கதையைச் சீண்ட ஆளில்லை.

அப்பாவின் இரண்டாம் தாரமான சித்தியைக் குத்திக்காட்டவே லயனல் துரை அந்தப் படத்தை வாங்கினான். ராணி எல்ஃப்ரிடா, மூத்தாள் மகனான இளம் ராஜாவுக்குச் சிரித்தபடி மதுக்கோப்பை நீட்டுகிறாள். அவன் குதிரையில் இருந்தபடியே வாங்குகிறான். அடுத்த நிமிஷம் அவன் செத்தான் என்பது கதை. சித்தி வீட்டில் அதை மாட்ட என்னையும், சொத்துத் தகராறு பேசத் தன் வக்கீலையும் கூட்டிப்போனான்.

சித்தி அகஸ்டா அசரவில்லை. படத்தைச் சாப்பாட்டு மேசைக்கு மேலேயே மாட்டச் சொல்லி, அதன் கீழேயே அவனுக்கு ஒயின் ஊற்றினாள்.

"குடி கண்ணு."

"எனக்கென்ன பைத்தியமா சித்தி? படத்தப் பாத்தீங்கல்ல?"

"நீதான் சரியா பாக்கல. கோப்பையில விஷம் ஒண்ணுமே இல்ல. கத்தி வச்சிருக்கறவன் ராஜாவுக்குப் பின்னாடி நிக்கிறான் பாரு."

லயனல் சட்டென்று திரும்பினான். பின்னால் நின்ற வக்கீலின் கையில் ஏற்கெனவே காலியான கோப்பை ஒன்று இருந்தது. வாசல்வரை 'துரை, துரை' என்று குழைந்த மனிதர் இப்போது தொண்டையைச் செருமினார்.

"அம்மா பக்கந்தான் நியாயம் இருக்கு, தம்பி."