மடுவத்துப் பெட்டிக்கு ஒரு சாவி

எனக்கு வந்த கோவத்துக்கு, கையில இருந்த போனத் தூக்கி ஹட்டன் பஜாருக்குள்ளயே விட்டெறிஞ்சிருப்பேன்.

"மிஸ், சாப்ட்வேர் திறக்க மாட்டேங்குது. புதுச் சாவி கேக்குது" என்றான் மதுரன். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கிளாக்கர். அங்க கொழுந்து நிறுக்கிற மடுவத்துல, தராசையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற சாப்ட்வேர் நான் எழுதினது. சாக்க வச்சதும் எடை பெருசா திரையில விழும். பறிச்சவங்க அவங்க கண்ணாலயே பாத்துக்கலாம்.

சாவின்னா நீளமா ஒரு எண், அவ்வளவுதான். மடுவத்துல இன்டர்நெட் கெடையாது. அதனால அந்தக் கம்ப்யூட்டர் காட்டுற அடையாள எண்ண எனக்கு மெசேஜ் பண்ணுவாங்க. நான் லேப்டாப்புல கறுப்புத் திரையத் திறந்து, அந்த எண்ணையும் ஒரு பேரையும் ஒரே வரியில தட்டி என்டர் அடிச்சா சாவி வந்து விழும். அது அந்த ஒரு கம்ப்யூட்டரத்தான் திறக்கும். அந்தப் பேரு மடுவத்துத் திரையில மேல எப்பவும் நிக்கும்.

மதுரன் அனுப்பின எண் பழைய எண் இல்ல. ஓஹோ, அப்படியா சேதி! போன வருசம் இன்னொரு தோட்டம் ஒரு சாவிய வாங்கி நாலு எடத்துல ஓட்டப் பாத்துச்சு.

"வேற கம்ப்யூட்டருல போடப் பாக்குறீங்களா? என் காதுல பூ சுத்தாதீங்க."

"ஐயோ, அதே கம்ப்யூட்டர்தான் மிஸ். நின்னுபோச்சு, உள்ள போர்டு மாத்தினோம். அதான் எண் மாறிருச்சு."

"எப்படி நின்னுச்சு?"

"தானா நின்னுச்சு மிஸ்."

"தானா நிக்க அது என்ன மாட்டு வண்டியா? உண்மையச் சொல்லுங்க, சாவி தாறேன்."

அவனுக்குப் பின்னால பொம்பளைங்க சத்தம் கேட்டுச்சு.

"அந்திக் கொழுந்து வந்துருச்சு மிஸ்" என்று கெஞ்சினான். "பழைய தராசுல போட மாட்டோம்னு நிக்கிறாங்க. அதுல போட்டா ஈரம்னு, சாக்கு எடைன்னு கணக்கப்புள்ள கிலோ கிலோவா வெட்டுவாரு. இன்னைக்கு இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி ஓடலைன்னா அதத் தூக்கி ஸ்டோருல போட்டுட்டு பழைய தராசையே மாட்டச் சொல்லிட்டாரு தோட்டத்துத் துரை."

யாரோ போனப் பிடுங்கினாங்க.

"புள்ள, நான் வீரம்மா, கொழுந்து எடுக்கிறவ. தம்பிய ஏசாத. எங்களக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டு நிக்குது. ஆயுத பூசைக்கு நாங்கதான் அதுக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சோம்."

"கம்ப்யூட்டருக்கா?"

"செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திக்குத் தெளிச்சோம், கூடைக்குத் தெளிச்சோம். எங்க கொழுந்தக் குறைக்காம நிறுக்கிறது அது ஒண்ணுதான், அத மட்டும் விட்டா சாமி ஒத்துக்குமா? கொஞ்சம் கூடுதலாத் தெளிச்சிட்டோம் போல."

சிரிச்சிட்டேன். நான் எழுதினத ஏசினவங்க நெறைய பேர். கும்பிட்டவங்க யாருமில்ல.

"அடுத்த வருசம் பொட்டு மட்டும் வைங்கம்மா. தண்ணி வேணாம்" என்றேன்.

கறுப்புத் திரையில எண்ணத் தட்டினேன். பேரு வர்ற எடத்துல கை நின்னுச்சு. போன தடவ துரை பேர அடிச்சிருந்தேன். இந்தத் தடவ 'வீரம்மாவும் கூட்டாளிகளும்' என்று அடிச்சு, வந்த சாவிய மதுரனுக்கு அனுப்பினேன்.

இருட்டுற நேரம் அவனே கூப்பிட்டான்.

"ஓடுது மிஸ். ஆனா துரை கேக்குறாரு, மேல அவரு பேரு எங்கன்னு."

"பேர மாத்தணும்னா புதுச் சாவி வேணும். என்கிட்டதான் கேக்கணும், நான் குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க. வீரம்மா பாத்தாங்களா?"

"பாத்தாங்க மிஸ். சாக்க வச்சிட்டு, எடையப் பாக்காம பேரையே பாத்துக்கிட்டு நின்னாங்க. பின்னால வரிசையே கத்துது, அப்பவும் நகரல."