ஏழாவது கை

ஏறாவூர் வாவிக்கரையில் ஓதுமிடமான தைக்காவில் சேர்ந்தவர்கள் உலகம் முடியும் கியாமத்து நாள் வரைக்கும் ஒரே சஹனில் உண்ணும் சகோதரர்கள் என்று 1924ஆம் ஆண்டு முகப்பில் பதித்த கல் சொன்னது. சஹன் என்பது ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து கை வைக்கும் பெரிய தட்டம். கியாமத்துக்கு வெகு முன்பே அந்தத் தட்டத்தில் ஏழு கைகள் சோறு அள்ளத் தொடங்கின. ஏழாவது கைக்கு உடம்பு இல்லை.

தைக்கா நின்ற நிலம் வீச்சுவலைக்காரர் உசனாருடையது. உன்னையும் சபையில் சேர்த்துச் சஹனில் இருத்துவோம் என்று சொல்லித்தான் தலைவர் மீராசாஹிப் ஹாஜியார், பச்சைக்கல் மோதிரம் போட்ட புடவைக்கடைக்காரர், அதை எழுதி வாங்கினார். கூரை ஏறியதும் உசனாருக்கு வாசற்படியில் தனிக் கோப்பை வைத்தார்கள். மீன் வாடை இறைவன் பெயரை ஓதும் திக்ரின் ஓர்மையைக் கலைக்குமாம். அவர் பிடித்த மீன் சஹனின் நடுவில் இருந்தது. அந்த மீனுக்கு வாடை இல்லை. பத்து வருசம் படியில் இருந்து தின்ற பிறகு, ஒரு கச்சான் காற்றில் தோணி கவிழ்ந்து உசனார் மௌத்தானார். வியாழன்தோறும் மறைந்த சகோதரர்களுக்கு ஓதும் பாத்திஹாவில் அவர் பெயரையும் சொல்லவேண்டும், அவ்வளவுதான் மனைவி ஸைனம்பு கேட்டது. ஏற்கெனவே பெயர்கள் அதிகம், ஓதுகிறவருக்கு மூச்சு வாங்கும் என்றார் ஹாஜியார்.

அடுத்த வியாழன் கை வந்தது. சுட்டுவிரல் நுனியை நண்டு வாங்கிக்கொண்ட கை. எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் வலைக்காரனோடு ஒரே சஹனில் தின்றதாகிவிடும். எல்லாக் கைகளும் எழும்பும்வரை யாரும் எழும்பக்கூடாது என்பது ஹாஜியாரே போட்ட சபைச் சட்டம். உசனாரோ முள் பார்த்துத் தின்கிறவர். சோறு ஆறும், விரல் காயும், இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு கேட்கும், கை அப்போதுதான் மீன் தலையைப் பிரித்துக்கொண்டிருக்கும். ஐந்து பேரை இருத்திப் பார்த்தார்கள். ஆறு கைகள் வந்தன. கடைசியில் ஹாஜியார் ஸைனம்புவின் வேலியடிக்கு வந்தார்.

"ஒண்ட புரிசன இனி வரவேணாமெண்டு சொல்லு புள்ள."

"உசிரோட இரிக்கக்குள்ளயே எண்ட பேச்சுக் கேக்காத மனிசன், ஹாஜியார். பேரச் சொல்லி ஓதுங்க, போயிருவார்."

பெயரைச் சொல்வதைவிடச் சஹனை நிறுத்துவதே கௌரவம் என்று ஹாஜியார் முடிவு செய்தார். சகோதரர்கள் வீட்டிலிருந்து பூப்போட்ட பீங்கான்களைக் கொண்டுவந்தார்கள். பிறகு யாருடைய பீங்கான் பெரிது என்ற பேச்சு வந்தது. பிறகு பேச்சே இல்லாமல் போய், சபை இரண்டாகி, நான்காகி, கடைசியில் எல்லோரும் தலைவர்களானார்கள். பத்திரமாக வைத்திருப்பதற்காக ஒருவர் ஓடுகளைக் கொண்டுபோனார், இன்னொருவர் கதவைக் கொண்டுபோனார். மாரி மழை மிச்சத்தைக் கொண்டுபோனது. மேற்குச் சுவரும் முகப்புக் கல்லும் நின்றன.

உலக யுத்தம் வந்து அரிசி பங்கீட்டுக் கூப்பனுக்குப் போனபோது ஹாஜியாரின் கடையும் மூடிக்கிடந்தது. ஸைனம்பு மட்டும் வியாழன் தவறாமல், கிடைத்த சோற்றையும் வாவி மீனையும் கூரையில்லாத தைக்காவில் சஹனில் வைத்தாள். கை வந்து தின்றது. அவள் பக்கத்தில் இருந்து முள் எடுத்துக் கொடுத்தாள். அந்த வழியால் மாடுகளைச் சாய்த்து ஓட்டிப் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு வியாழன் மோதிரம் போட்ட கையொன்றும் சஹனுக்கு நீண்டது. அதற்கு உடம்பு இருந்தது, மெலிந்திருந்தது.

ஸைனம்பு சஹனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "முதல்ல பேரச் சொல்லி ஓதுங்க."

ஹாஜியார் சுவரைப் பார்த்தபடி ஓதினார். உசனார் என்ற பெயர் அந்தத் தைக்காவில் முதன்முறையாகக் கேட்டது. நுனியில்லாத விரல் சஹனின் விளிம்பைத் தடவிவிட்டு எழும்பியது. அதற்குப் பிறகு அது இறங்கவில்லை.

அடுத்த வியாழனும் ஸைனம்பு பழக்கத்தில் சஹன் வைத்தாள். ஒரு கைதான் வந்தது. மீன் தலையை ஹாஜியார் எடுத்துக்கொண்டார்.