கன்னத்துக் கராம்பு

சுவரோடு சாய்த்திருந்த சவப்பெட்டி மூடியில் ஆஸ்பத்திரிக்கு எழுதிய முறைப்பாட்டுக் கடிதத்தை வைத்து அழுத்தி, சுதாகரன் திகதி போட்டான். பிறகு பேனையைத் தங்கையிடம் நீட்டினான்.

"ஒப்பம் வை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது நீதானே."

"சனம் இருக்குது அண்ணை. பிறகு பாப்பம்," என்றாள் உதயகலா.

"சனமும் பாக்கட்டும். உந்த மெசின்காரியை வீட்டுக்கு அனுப்பாமல் விடமாட்டன்."

ஆறு மாதத்துக்கு முன்பு ஓர் ஆய்வுக்குழு ஆஸ்பத்திரிக்கு மின்மூக்கு ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. குழாயில் ஊதினால் அது மூச்சை மோந்து நுரையீரல் நோயைச் சொல்லுமாம். சிவப்பு எரிந்தால் நெஞ்சைப் படம் பிடிப்பார்கள். பச்சை எரிந்தால் வீட்டுக்குப் போகலாம். அவர்களின் அப்பா அருளம்பலம் இணுவிலில் நாற்பது வருடம் புகையிலைக்குப் புகை போட்டவர், சுருட்டை வாயிலிருந்து எடுக்காதவர். அவருக்குப் பச்சை எரிந்தது. அதே நோயில் நேற்றுக் காலை செத்துப்போனார்.

அவர் கிட்ட வந்தால் மூச்சை அடக்கிக்கொள்வது உதயகலாவுக்குச் சின்ன வயதுப் பழக்கம். குழாயில் ஊதப் போன அன்று வரிசையில் அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து அதிபரின் மனைவி பக்கத்தில் இருந்தாள். அந்த மனுசி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியதை உதயகலா கண்டாள். கைப்பையைத் திறந்து ஒரு கராம்பை எடுத்தாள்.

"வாயிலை போடுங்கோ அப்பா. சுருட்டு மணக்குது."

"நாலு மணித்தியாலத்துக்குத் தண்ணியைத் தவிர ஒண்டும் கூடாதெண்டெல்லோ துண்டிலை கிடக்கு?"

"ஒரு கராம்பிலை என்ன வரப்போகுது?"

அவர் போட்டார். உள்ளே மெசின்காரப் பெட்டை, வாயில் ஏதும் போட்டாரோ என்று கேட்டபோது கராம்பைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, "ஒண்டுமில்லைப் பிள்ளை," என்றார். மகளின் பக்கம் திரும்பவேயில்லை.

அந்தப் பெட்டைதான் இப்போது படலையைத் திறந்துகொண்டு வந்தாள். பெயர் றோஸ். வெள்ளைச் சட்டை. பந்தலுக்கு வெளியே செருப்பைக் கழற்றினாள்.

"மூக்குக்காரி வந்திட்டா," என்றான் சுதாகரன். "உள்ளுக்கை கிடக்கிறார். போய் மோந்து பாரும். இப்ப என்ன நிறம் எண்டு சொல்லும்."

பந்தலில் ஒருவன் சிரித்துவிட்டு, சிரிப்பை இருமலாக்கினான்.

"ஐயா எனக்கு மாம்பழம் கொண்டுவந்து தந்தவர்," என்றாள் றோஸ். "முகத்தைப் பாத்திட்டுப் போவமெண்டுதான் வந்தனான்."

"பாக்கவேண்டிய நேரம் பாக்கேல்லை. இனி என்னத்தைப் பாக்கிறது?"

"நான் கேட்டனான் அண்ணை. ஏதும் சாப்பிட்டவரோ, வாயிலை ஏதும் கிடக்கோ எண்டு ரெண்டு தரம் கேட்டனான். அக்காவும் பக்கத்திலை நிண்டவா." றோஸ் உதயகலாவைப் பார்த்தாள். "கேட்டனான்தானே அக்கா?"

பந்தலில் இருந்தவர்கள் உதயகலாவின் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கு ஞாபகமில்லை," என்றாள் உதயகலா.

றோஸ் செருப்பைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

"பாத்தியே அவளின்ரை வாயை," என்றான் சுதாகரன். "செய்யிறதையும் செய்துபோட்டு உன்னைச் சாட்சிக்கு இழுக்கிறாள்."

உதயகலா பேனையை வாங்கினாள். தேர்ச்சி அறிக்கையில் வைப்பதுபோல, எழுத்து எழுத்தாக, ஒப்பம் வைத்தாள். சுதாகரன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"நேரமாகுது. பொம்பிளையள் வாய்க்கரிசி போடுங்கோ," என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அப்பாவின் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த நாடிக்கட்டைத் தளர்த்தி விட்டிருந்தார்கள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வீடு முழுக்கச் சாம்பிராணியும் பூமாலையும்தான் மணத்தன. புகையிலை மணம் எங்கும் இல்லை.

உதயகலா அரிசியை அள்ளினாள். குனியும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள்.