ஏலாக்குறிச்சியில் ஏற்றிய மெழுகுவர்த்திகள்

"இன்னிக்கு இது போதும். எழுந்து உக்காருங்க," என்றார் டாக்டர் தேவயானி.

அவர் இன்னும் தொடவே இல்லை. தொடப்போகிறார் என்று தெரிந்ததுமே சுகன்யா மேரியின் முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன. இடுப்பு மேசையைவிட்டு எழும்பியது. அடுத்து அதட்டல்தான் வரும் என்று கண்ணை மூடிக் கிடந்தாள். டாக்டர் போர்வையை இழுத்து அவள் கால்வரை மூடிவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

குழந்தை இல்லை என்றுதான் வந்திருந்தார்கள். அனுப்பி வைத்தவள் மாமியார் மதலேனம்மாள். வரதராஜன்பேட்டையில் யாருக்காவது தும்மல் வந்தால்கூட கோயில் மணி அடிக்குமுன் ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் ஜெயங்கொண்டத்தையும் அரியலூரையும் தாண்டிப் பெரம்பலூர் வரை பஸ் ஏறியிருந்தார்கள். கணவன் அருள் பிரகாஷ் வெளியே பெஞ்சில், பழைய பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு இருந்தான்.

"சேர்ந்து இருக்கும்போது வலிக்குதாம்மா?"

சுகன்யா போர்வையின் ஓரத்தைத் திருகினாள். "உள்ள போனாத்தானங்க வலிக்கிறதுக்கு," என்றாள். "சுவத்துல முட்டுற மாதிரி நின்னுடுது. கல்யாணத்துலேருந்தே இப்படித்தான்."

சொல்லிவிட்டாள். கல்யாணமாகி இந்த இரண்டாம் வருஷம் வரை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லவில்லை. சாமியாரிடம் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன் பங்குக் கோயிலில் நடந்த வகுப்பில் எத்தனையோ சொன்னார்கள். அவளுக்கு நினைவில் நின்றது ஒன்றுதான். உடலால் ஒன்று சேராத திருமணத்தைத் திருச்சபை ரத்து செய்யலாம். மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்ட வரி அது. என்றைக்காவது அருள் அந்த வரியை நினைத்துக்கொண்டால் போதும். தாலி கட்டியது, பந்தி போட்டது, போட்டோ எடுத்தது எல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிடும்.

"கண்ணுல தூசி வுழப்போகுதுன்னா இமை மூடிக்குதே, நீங்களா மூடுறீங்க?" என்றார் டாக்டர். "அது மாதிரிதான். வலிக்கப்போகுதுன்னு வாசல்ல இருக்கிற தசை தானா இறுகிக்குது. இறுகுறதால வலிக்குது. வலிச்சதால அடுத்த தடவை இன்னும் பயம். உங்க உடம்புல கோளாறு இல்ல, மனசுல அழுக்கும் இல்ல. இதுக்கு வஜைனிஸ்மஸ்னு பேரு."

"பேரே இருக்குங்களா?"

"இருக்கு. நெறைய பேருக்கு இருக்கு. சரியாவும் போகுது."

தனக்கு ஒரு வியாதி என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் அந்த மேசையில் வேறு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

அருளை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் அவனுக்கும் அதையே சொன்னார். "எப்போன்னு இவங்களா சொல்ற வரைக்கும் நீங்க முயற்சியே பண்ணக்கூடாது."

"அப்பாடா," என்றான் அருள்.

சொன்ன பிறகுதான் சத்தமாகச் சொல்லிவிட்டது அவனுக்கு உறைத்தது. காது சிவந்தது. சுகன்யா அவனையே பார்த்தாள். "இல்லங்க டாக்டர், அவ பல்லக் கடிச்சிக்கிட்டுப் படுத்திருப்பா. அதப் பாக்க எனக்கும் பயமா இருக்கும். நான் என்னமோ கொல பண்ண வந்தவன் மாதிரி." ஒரே கட்டிலில் இருவரும் தனித்தனியாகப் பயந்துகொண்டு கிடந்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

முதலில் மூச்சை இழுத்து மெதுவாக விடப் பழக வேண்டும் என்றார் டாக்டர். கண்ணாடியில் பார்த்துப் பழக வேண்டும். நகத்தை வெட்டிச் சுண்டுவிரல் நுனி. அது பயமில்லாமல் ஆன பிறகு மெழுகுவர்த்தி. பென்சில் கனத்தில் தொடங்கி ஒவ்வொரு கனமாக, மேலே ஆணுறை மாட்டி, எழுதிக் கொடுத்த ஜெல்லியைத் தடவி. இதற்கென்றே செய்த குழாய்கள் உண்டாம், பெரம்பலூரில் கிடைக்காதாம்.

அரியலூரில் இறங்கி அருள் வாங்கி வந்தான். "புள்ள வேணும்னு போயி ஆணுறை வாங்கிட்டு வர்ற மொத ஆளு நாந்தான்," என்றான். மெழுகுவர்த்திக் கடைக்காரர் எந்தக் கோயிலுக்கு என்று கேட்டாராம். அவன் எல்லா மாதா பேரையும் சொல்லிக் குழப்பிவிட்டு வந்தானாம். சுகன்யா பஸ் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

மதியங்களில் மதலேனம்மாள் முந்திரி உடைக்கப் போய்விடுவாள். அந்த நேரம் சுகன்யாவுடையது. முதலில் கண்ணாடியைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள். தன் உடம்பில் தான் போகாத ஊர் ஒன்று இருந்திருக்கிறது. பிறகு அழுகை வரவில்லை. பிறகு ஒரு மதியம், மெல்லிய மெழுகுவர்த்தி எந்தத் தடையுமில்லாமல் போனபோது, பக்கத்து வீட்டு ரேடியோவில் உர விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்க முடிந்தது என்பதே அவளுக்கு ஆச்சரியம். சாயந்திரம் அருளிடம், "பாஸ்," என்றாள். அவன் ஜிலேபி வாங்கி வந்தான். ஒவ்வொரு கனத்துக்கும் ஒரு ஜிலேபி என்று ஆயிற்று. மகனுக்கு ஏன் திடீரென்று இனிப்பு பிடித்துப்போனது என்று மதலேனம்மாளுக்குப் புரியவில்லை.

கடைசிக் கனமும் பழகிப்போன வாரம், சுகன்யா பீரோவைத் திறந்தால் புடவைக்கு அடியில் மெழுகுவர்த்திகளை ஒளித்து வைத்திருந்த தகர டப்பா காலியாக இருந்தது.

மதலேனம்மாள் முகமெல்லாம் பூரிப்பாக வாசலில் செருப்பைக் கழற்றினாள். "ஏலாக்குறிச்சி கோயிலுக்குப் போயிட்டு வரேன். சின்னதுலேருந்து பெருசு வரைக்கும் வரிசையா வாங்கி வச்சிருந்தியே, வேண்டுதல்தான? நீ எங்கிட்ட சொல்லாட்டி எனக்குத் தெரியாதா? அடைக்கல மாதாவுக்கு அத்தனையும் ஏத்திட்டேன்."

சுகன்யா காலி டப்பாவோடு வாசலுக்கு வந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு சொல்லோடு கண்ணாடியைக் கவிழ்த்துவைத்த நாளுக்கே திரும்பிப் போகவேண்டியிருக்கும் என்று தோன்றியது.

"வேண்டுதல் இல்லத்தே. அது வைத்தியம்."

எல்லாவற்றையும் சொன்னாள். மூடிக்கொள்ளும் இமையை, ரத்து செய்யலாம் என்ற வரியை, ஆணுறையை. மதலேனம்மாள் முந்திரிப்பால் பட்டுக் கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இப்ப வலிக்குதா?" என்றாள் கடைசியில்.

"இல்லத்தே."

"எனக்கு மூத்தவ பொறக்குற வரைக்கும் வலிச்சுது. தலகாணியக் கடிச்சிக்கிட்டுக் கெடப்பேன். பொம்பளன்னா இப்படித்தான்னு நெனச்சிக்கிட்டேன்." விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ரத்தாவது ஒண்ணாவது. அவன் அப்படி வந்து நின்னான்னா அவனத்தான் வூட்ட வுட்டு அனுப்புவேன். நீ இங்கதான் இருப்ப."

சுகன்யா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். "அத்தே, ஆனா அத மாதாகிட்டப் போயி..."

"மாதாவும் பொம்பளதான? போ, காப்பி போடு," என்றாள் மதலேனம்மாள். அடுப்படி வரை அவள் சிரிப்பு கேட்டது.

மறுநாள் காலையில் மதலேனம்மாள், தங்கச்சியைப் பார்த்து ரொம்ப நாளாச்சு என்று கல்லங்குறிச்சிக்குக் கிளம்பினாள். இரண்டு நாள் கழித்துத்தான் வருவாளாம்.

"புதுசா வாங்கணுமா?" என்றான் அருள், டப்பாவைத் தட்டியபடி.

"வேணாம்," என்றாள் சுகன்யா. "எப்போன்னு நாந்தான் சொல்லணும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? சொல்றேன். இன்னிக்கு."

ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில் ஜன்னல் கம்பியோடு சேர்ந்து தரையில் கோடு கோடாக விழுந்திருந்தது. அருள் கட்டில் ஓரத்தில் பரீட்சை எழுத வந்தவன்போல் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். அவன் கால்விரல்கள் பத்தும் சிமெண்டுத் தரையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

"பயமா இருக்கா?"

"லேசா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன் பாதத்தை எடுத்து அவன் பாதத்தின் மேல் வைத்தாள். ஒவ்வொரு விரலாகத் தரையை விட்டது.