மாப்பிள்ளையின் பஞ்சுக் குச்சி

நாற்பது வருடம் லாரி இன்ஜினோடு மல்லுக்கட்டியவன் நான். எந்த மிஷினையும் நம்ப மாட்டேன். நம்பியவர்களின் விரல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் விட்டிருந்த அந்த ரோபோவையும் முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை.

இடுப்பு உயரம். நாலு சக்கரம், ஒரு கை. கை நுனியில் பஞ்சுக் குச்சி. கதவுப்பிடி, குழாய், கட்டில் கம்பி என்று எல்லாவற்றையும் தடவிக் குச்சியை வயிற்றுக்குள் போட்டுக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்து, வைரஸ் ஒட்டியிருந்த இடத்தைத் திரையில் சிவப்பாகக் காட்டும். அது வந்தால் எல்லாரும் எழுந்து வழி விட வேண்டும். அதனால் சிஸ்டர்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

என் கவலை வேறு. பக்கவாதத்தில் கிடந்த என் மனைவி நான் ஊட்டினால்தான் விழுங்குவாள். வேறு யார் ஊட்டினாலும் பல்லைக் கடித்துக்கொள்வாள். வார்டுக்குள் ஒரு சிவப்பு விழுந்தால் பத்து நாள் வெளியாட்களுக்கு இடமில்லை. பிறகு மூக்கில் குழாய்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லிஃப்ட் பட்டனில் சிவப்பு விழுந்தது.

"வெளியிலதான் தாத்தா, உள்ள வரல. பத்து நிமிஷத்துல மருந்து போட்டுத் துடைச்சிடுவாங்க" என்றாள் சிஸ்டர்.

பத்து நிமிடமா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு துடைக்கிற துணி இருக்கும், பழைய தொழில் பழக்கம். அதைக் குழாயில் நனைத்தேன். லிஃப்ட் பட்டனை அழுத்தித் துடைத்தேன். அப்படியே கைப்பிடிக் கம்பி, வார்டுக் கதவு, என் மனைவியின் கட்டில், சாப்பாட்டு மேசை. இன்ஜினையும் அப்படித்தான் துடைப்போம், ஒரே துணியில். முடித்த கையோடு அவளுக்கு ஊட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மதியம் மாப்பிள்ளை வராந்தாவையும் வார்டையும் தடவிவிட்டுப் போய் வாசலில் நின்றது. அரை மணி கழித்து நான் முதல் கரண்டியை எடுத்தேன். வெளியே அந்த மிஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் திரையைப் பார்த்து வாசித்தாள்.

"நேத்து லிஃப்ட் பட்டன். இன்னிக்கு கைப்பிடி. வார்டுக் கதவு. மூணாம் கட்டில் கம்பி, மேசை. என்ன சிஸ்டர் இது, யாரோ கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்த மாதிரி வந்திருக்கு!"

மூணாம் கட்டில் எங்களுடையது.

"துடைக்கிற அம்மாவக் கூப்பிடுங்க. ஒரே துணிய எல்லா எடத்துலயும் போட்டிருக்காங்க" என்றாள் அந்தப் பெண்.

கரண்டி பாதியில் நின்றது. என் மனைவி வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள். ஊட்டிவிட்டுச் சொல்லலாமா? சொல்லாமலே இருந்துவிடலாமா? அந்தத் தகர டப்பா சொல்வதெல்லாம் வேதமா? ஆனால் அது சொன்ன வழி நான் நடந்த வழி. ஓர் இடம்கூடத் தப்பவில்லை.

கரண்டியைத் தட்டில் வைத்தேன்.

"அந்த அம்மாவ விடுங்க. துடைச்சது நான்தான்."

சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கள யாரு தாத்தா துடைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. புத்தி கெட்டுப் போச்சு."

"எட்டி நில்லுங்க. வாசலுக்கு வெளிய. இனி பத்து நாளைக்கு உள்ள வரக் கூடாது. எதையும் தொடாதீங்க."

எனக்கு முகமூடி மாட்டிவிட்டார்கள். சிஸ்டர் கையுறை போட்டு, வேறு தட்டும் வேறு கரண்டியும் கொண்டுவந்து உட்கார்ந்தாள். என் மனைவி பல்லைக் கடித்தாள். சிஸ்டர் கொஞ்சினாள், கெஞ்சினாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட சொல்லிடறேன் தாத்தா. குழாய் போட்டுடலாம்."

வாசலில் நின்றே கத்தினேன்.

"ஏய் கிழவி! என்ன பெரிய மகாராணின்னு நெனப்பா? தொறடி வாய!"

அவள் திரும்பினாள். கண்ணில் அந்தப் பழைய நெருப்பு. கோணிய வாயால் முக்கி முக்கி என்னைத் திட்டத் தொடங்கினாள்.

"போ... ய்யா..."

திறந்த வாய்க்குள் சிஸ்டர் கரண்டியை விட்டாள். அவள் திடுக்கிட்டாள், முறைத்தாள், வேறு வழியில்லாமல் விழுங்கினாள்.

"இன்னும் ஏதாவது சொல்லுங்க தாத்தா, சீக்கிரம்!"

"உங்க அண்ணன் குடும்பமே இப்படித்தான்டி, வீம்பு!"

இரண்டாவது கரண்டி உள்ளே போனது. எனக்குப் பின்னால் மிஷின்காரப் பெண் என் மனைவிக்கும் எனக்கும் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். முடிவு வர நாளைக்காகுமாம். தட்டில் இன்னும் பாதி இருந்தது. அவள் அண்ணனை முடித்துவிட்டு, நான் அவள் தங்கையை ஆரம்பித்தேன்.