எண்பதுக்கு நாலு

இரண்டு கண்ணும் பழுதில்லை என்று எழுதி வாங்க ஐந்நூறு ரூபாய். கண்ணைக் காட்டாமலே வாங்க எழுநூறு.

ஐந்து வருஷத்துக்கு முன் மயில்சாமி எழுநூறைக் கொடுத்து, புரோக்கரிடம் சான்று வாங்கி, டாக்ஸி லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டார். இந்த முறை அந்த வழி அடைபட்டுவிட்டது. ஒரே மாதத்தில் காரின் இடப்பக்க மிரர் இரண்டு தடவை உடைந்திருந்தது. இரண்டு தடவையும் தப்பு எதிராளி மேல்தான் என்று அவர் சாதித்தார். அவரை வாடகைக்கு வைத்திருந்த பனியன் எக்ஸ்போர்ட் ஆபீஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "நெஜ டாக்டர்கிட்ட நெஜப் பேப்பர் வாங்கிட்டு வாங்க, அப்பறம் வண்டிய எடுக்கலாம்" என்று மூன்று நாளாக நிறுத்திவைத்திருந்தது.

வயது அறுபத்திரண்டு. மனைவி போய் நாலு வருஷம். மகள் ஜனனி மஸ்கட்டில்; ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து நிமிஷம் பேசுவாள். மற்ற ஆறு நாளும் வீரபாண்டியில் இருக்கும் அவர் வீட்டில் சத்தம் போடுவது குக்கர் மட்டும்தான். மனிதக் குரல் கேட்பது காருக்குள். பின் சீட்டில் இருப்பவர் யாரோடோ போனில் சண்டை பிடித்தால்கூட, பக்கத்து அறையில் ஆள் இருக்கிற மாதிரி அவருக்குத் தெம்பாக இருக்கும். லைசென்ஸ் போனால் சோறு போகாது; ஒரு கடை வாடகை வருகிறது. பேச்சுத்தான் போகும்.

கண் டாக்டர் மகுடேஸ்வரன், காதர்பேட்டை பனியன் வியாபாரியின் மகன். மெஷின் கொடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டுங்கெட்டானாச் சொல்லுதுங்ணா. நேர்ப்பார்வை நல்லாத்தான் இருக்குது. கண்ணுல பிரஷர் ஏறி இடது ஓரம் மங்குது. கையெழுத்துப் போடவும் பயமா இருக்குது, வேண்டாங்கவும் மனசு வல்லீங்."

"ஏனுங்க டாக்டரு, பத்தொம்பது வருசமா பனியன் செக் பண்ற கியூசிக்காரங்களக் கூட்டிட்டுத் திரியறேன். எண்பது பீஸ் எடுத்து செக் பண்ணுனா, அஞ்சு டேமேஜ் வரைக்கும் லாட்டு பாஸுங்க. ஆறு வந்தாத்தான் ரிஜெக்ட். வெள்ளைக்காரனே ஒத்துக்கறான்."

"பனியன்ல ஓட்டை இருந்தா காத்து வருமுங்ணா. இங்க ஆளு போயிருவான்."

"சரி, எண்பது வண்டி எண்ணிப் பாருங்க. அஞ்ச விட்டா பாஸ் பண்ணுங்க."

"மூணு."

"அட, கட்டுபடியாகாதுங்க. நாலுன்னு முடிச்சுக்குங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். அப்பா கடையில் கேட்ட குரல் அது. "நாலு. அதுக்கு மேல ஒண்ணு போனாலும் எங்கிட்ட வரப்படாது."

கண் சோதிக்கும் பெண் ஆஷா ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவரோடு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரி முன்னால் ஒருவழிச் சாலை. வண்டிகள் இடப்பக்கத்திலிருந்து மட்டும் வரும். மயில்சாமி காரைச் சாலையைப் பார்த்தபடி கேட்டில் நிறுத்தினார். எதிரே இருந்த பேக்கரி போர்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இடப்பக்கக் கரண்ட் கம்பத்தை ஒரு வண்டி தாண்டுவதற்குள் 'வருது' என்று சொல்ல வேண்டும். மறைக்காமல் இருக்க ஆஷா பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

"எந்த ஊரு அம்மிணி?"

"ஊத்துக்குளிங்கய்யா. டெய்லி ரயில்லதான் வாறேன்."

"அட! பேர்போன வெண்ணெயாச்சே, டாக்டருக்குக் கொண்டாந்து தர்றதுண்டா?"

"அவருக்குக் கொலஸ்ட்ராலுங்க. போர்டப் பாருங்கய்யா."

"வருது. வருது. இதும் வருது."

நாற்பது வண்டிக்கு ஆஷா நிறுத்திக் கோடுகளை எண்ணினாள். விட்டது ஒன்றே ஒன்று. அதுவும் ஒரு சைக்கிள்.

"சூப்பருங்கய்யா!"

மயில்சாமி பெருமையோடு உள் மிரரில் அவளைப் பார்த்தார். துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தன் காரில் ஏறியவர் வியர்த்து உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. கை தானாகப் போய், இறக்கியிருந்த நாலு கதவுக் கண்ணாடியையும் ஏற்றியது, ஏசியைத் திருகியது.

"ஏசி போதுங்களா?"

வழக்கமாக ஒரு நாளில் அவர் பேசும் முதல் பேச்சே அதுதான்.

"போதுங்கய்யா. ஆரம்பிக்கலாமுங்களா?"

ஹாரன், டெம்போ உறுமல், டிவிஎஸ் எக்ஸெல்லின் இருமல் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. பேக்கரி போர்டு பளிச்சென்று தெரிந்தது. ஒரு மினி ஆட்டோ, பானெட்டுக்கு முன்னால் முளைத்த மாதிரி வந்து நின்று போனது. அவர் 'வருது' சொல்லுமுன்பே பின்னால் பேனா கீறும் சத்தம் கேட்டது. அடுத்து ஒரு ஸ்கூட்டர். மறுபடி பேனா. அவர் கழுத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் கள்ளக்கணக்கு ஆகிவிடும். பேனா நிற்காமல் கீறிக்கொண்டே இருந்தது.

முடிந்த பிறகு ஆஷா கோடுகளை இரண்டு தடவை எண்ணினாள்.

"ஏனுங்கய்யா, கண்ணாடிய எறக்கிட்டு பின்பாதிய மறுக்கா எண்ணிக்கலாமுங்களா? டாக்டர் அதெல்லாம் கேக்க மாட்டாருங்க."

அவர் ஸ்டியரிங்கைத் தடவினார். "மொதப் பாதியக் காதுலதான் பாத்திருக்கறேன்."

"அதனாலதாங்க சொல்றேன்..."

"ஆளேத்துனா கண்ணாடி ஏத்தித்தான் அம்மிணி ஓட்டறேன். மிரர் ஒடஞ்ச ரெண்டு நாளும் ஏசி ஓடிட்டுத்தான் இருந்துச்சு." கையைப் பின்னால் நீட்டினார். "அந்தக் காகிதத்தக் குடு. இன்ஸ்பெக்சன் ரிப்போர்ட்ல, ரிஜெக்ட்டுன்னாலும் பேக்டரிக்காரனும் கையெழுத்துப் போடோணும்."

ஆஷா கொடுத்தாள். கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"ரயிலுக்கு நேரம் இருக்குதுல்ல? செத்த நேரம் உக்காரு அம்மிணி. உங்க ஊர்ல மழை கிழை உண்டா?"

அவள் பிடியை விட்டாள். போன வாரம் பெய்த மழையை, கரண்ட் போனதை, மாட்டுக்கொட்டகைக்குள் தண்ணீர் வந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் "ஆமாங், அப்படீங்களா" என்று கேட்டபடியே, காகிதத்தை ஸ்டியரிங் மேல் வைத்து, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து நிதானமாக எழுதினார்.

கண்ணாடி இறக்கி 40 வண்டி: விட்டது 1.
கண்ணாடி ஏற்றி 40 வண்டி: விட்டது 11.
ஆக 80க்கு 12. பேசியது 4. கூடுதல் 8.