மூன்றாம் பெட்டியில் ஒரு பொய் அட்டை

லத்தீனுக்கும் ஒரு தாய்மொழி உண்டு. அதை எழுதி வைத்தவர்தான் யாருமில்லை. லத்தீனையும் அதன் சகோதர மொழிகளின் கல்வெட்டுகளையும் ஒப்பிட்டு, பழைய வினைச்சொற்கள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கணிப்பது ஆராய்ச்சியாளரம்மாவின் பிழைப்பு. சொல்லுக்கு ஓர் அட்டை. எட்டு வருஷத்தில் மூன்று பெட்டி நிறைந்துவிட்டது. புத்தகம் அச்சுக்குப் போக இன்னும் நான்கே மாதம்.

அந்த நேரம் பார்த்து அட்டைகளின் வரிசை கலைந்து கிடந்தது. அறையில் இருந்த இன்னொரு மேசை, கூட வேலை பார்க்கும் 'பூனை'யுடையது. ஆளின் சத்தமில்லாத நடைக்குத் துறையே வைத்த பெயர் அது.

"வாயைத் திறந்தா அக்கா அக்கான்னு குழையறான். என் உழைப்பைச் சுருட்டி எனக்கு முன்னாடி அச்சுல போடப் பாக்கறான்," என்று வீட்டில் பொருமினாள்.

"உனக்கு நிழலைப் பாத்தாலும் சந்தேகம். நேத்து சர்க்கரை குறைஞ்சதுக்கு என்னையே முறைச்சே," என்றார் கணவர். "நேரா கேட்டுத் தொலையேன்."

கேட்பாளா? கையும் களவுமாகப் பிடித்தால்தானே மனசு ஆறும்! 'கீறு' என்ற பொருளில், எங்குமே இல்லாத ஒரு வினையை இட்டுக்கட்டினாள். சாட்சிக்கு, இல்லாத கல்வெட்டு ஒன்றின் வரியையும் தன் குண்டு கையெழுத்தில் எழுதி மூன்றாம் பெட்டியில் செருகினாள்.

மூன்று மாதம் கழித்து ஆய்விதழில் பூனையின் கட்டுரை வந்தது. படபடப்போடு புரட்டினாள். இருந்தது! பொய் வினை, பொய்க் கல்வெட்டு, இரண்டுமே. மாட்டினான் படவா! துறைத்தலைவரிடம் ஓட எழுந்தவள், அடிக்குறிப்பைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அங்கே அவள் பெயர் முழுசாக இருந்தது.

"இதைக் கண்டுபிடித்த பெருமை இவருடையதே. கல்வெட்டை நான் பார்த்ததில்லை. இவர் எழுதியிருப்பதே எனக்குப் போதும்."

கதவருகில் பூனை வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"பாத்தீங்களாக்கா? எனக்கு எதுல குழப்பம் வந்தாலும் உங்க பெட்டியைத்தான் பாப்பேன். கேக்காம திறந்தது தப்புதான், நல்லா திட்டுங்க. உங்க பேரை அச்சுல பாத்து நீங்களே அசரணும்னுதான் சொல்லலை."

இவனையா திருடன் என்றோம் என்று கூசிப் போனாள்.

"இன்னிக்கு மட்டும் நாலு பேர் கடிதம் போட்டிருக்காங்க. எல்லாரும் ஒண்ணேதான் கேக்கறாங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, பேனாவைத் திறந்தான் பூனை. "அந்தக் கல்லு எந்த ஊர்லக்கா இருக்கு?"